தேர்வு நேரத்தில் களத்தை விட்டவர்களும் விடாதவர்களும்

கீழவாசல்

சிலம்பம், அடிமுறை என்று ஏதேனும் ஒரு தற்காப்புக் கலையைப் படிப்போடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனவர்கள் இங்கே பலர் இருப்பதை அறிவேன். அப்படிப் போகையில் உங்கள் மனத்தில் தங்கிவிட்ட ஒரு நாளை எழுதுங்கள். முதலில் என்னுடையதை எழுதிவிடுகிறேன்.

நான் 2008 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினேன். அதற்கு முந்தைய செப்டம்பரில், காலாண்டுத் தேர்வின் கணிதத் தாளில் 200க்கு 121 வாங்கிவந்த அன்று மாலையே அம்மா என் கம்பைப் பரணில் ஏற்றிவிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து ஓட வேண்டியதில்லை என்பதில் உள்ளூர ஒரு நிம்மதிகூட இருந்தது. அடுத்த ஆறு மாதமும் சுவர் ஓரத்து மேசையில்தான் இருந்தேன். சாப்பாடுகூட அங்கேயே வந்தது.

கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் களத்துக்குப் போனேன். வாத்தியார் எதுவும் கேட்காமல், ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனை எதிரே நிறுத்தித் தொடுமுறைக்கு விட்டார். எங்கள் களத்தில் கம்பு முனையில் சுண்ணாம்பு தடவி விடுவது வழக்கம். கம்பு என் கையில் சுழலத்தான் செய்தது, ஆனால் கால் எப்போதும் ஒரு நொடி தாமதமாக வந்தது. முடிந்தபோது என் கறுப்புச் சட்டையில் ஏழு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன, அவற்றில் இரண்டு கழுத்துக்கு மிக அருகில். அந்தப் பையனின் உடம்பில் ஒன்றுகூட இல்லை.

பிறகு வாத்தியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் படித்தாய் என்று கேட்டார். பதினான்கு மணி நேரம் என்று சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

“உட்கார்ந்திருந்தது பதினாலு மணி. படிச்சது எத்தனை?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிற்பகல்களில் கரிம வேதியியலின் ஒரே பக்கத்தை நான்கு முறை புரட்டி, நான்கு முறையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தது எனக்குத்தான் தெரியும். 1200க்கு 1041 வந்தது, பொறியியல் கல்லூரியும் கிடைத்தது. களத்தை விடாமல் இருந்திருந்தால் அந்த எண் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாம்விரல்

கீழவாசல் அண்ணா, உங்கள் வாத்தியாரின் கேள்வி கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மாதிரிக் கதைகளையே கேட்டு வளர்ந்ததால்தான், 2013இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் நான் ஒரு போட்டிக்குப் போனேன். ஆகவே களத்தை விடாதவனின் கதையையும் கேளுங்கள்.

இரண்டாவது சுற்றில் எதிராளியின் வீச்சு என் கம்பின்மேல் வழுக்கி இறங்கி வலக்கைக் கட்டைவிரலில் விழுந்தது. விரல்முட்டியில் அடி வாங்காமல் சிலம்பம் கற்றவர் யாரும் இல்லை என்பதால், எண்ணெய் தடவிக்கொண்டு அந்தச் சுற்றையும் ஆடி முடித்தேன். எலும்பில் கீறல் விட்டிருப்பது மூன்றாம் நாள் எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. சொல்வதை எழுத ஒருவரைக் கேட்டுப் பெறலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். அப்பா வேண்டாம் என்றார். விண்ணப்பித்தால் அடிபட்ட காரணத்தை எழுத வேண்டும், வாத்தியாருக்குக் கெட்ட பெயர் வரும் என்பது அவருடைய கவலை.

பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக்கொண்டு எல்லாத் தாள்களையும் எழுதினேன். என் பெயர்க்காரணம் இப்போது புரிந்திருக்கும். சமூக அறிவியல் அன்று வரைபட வினாவுக்கு வரும்போது கடைசி மணி அடித்துவிட்டது. வரைபடத் தாளை விடைத்தாளோடு நூலால் கட்ட வேண்டும், அந்தக் கட்டைவிரலால் எனக்கு முடிச்சுப் போட வரவில்லை. அறைக் கண்காணிப்பாளராக இருந்த அம்மையார் என் விரலைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். ஓர் இடம்கூடக் குறிக்கப்படாமல் வெறுமையாக இருந்த அந்தத் தாளை, ஒன்றும் பேசாமல், தாமே இரட்டை முடிச்சாகக் கட்டிக் கொடுத்தார். பத்து மதிப்பெண் போனது எனக்கு ஆறிவிட்டது. வெற்றுத் தாளை அவ்வளவு அக்கறையாக அவர் கட்டியது ஆறவில்லை.

இரண்டையும் சமமாகப் பேணலாம் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அடிபடாதவர்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றபோது நானும் மகிழ்ந்தேன், மறுக்கவில்லை. ஆனால் அதன்பிறகு எங்கள் ஊரில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது சான்றிதழ் எத்தனை மாதத்தில் கிடைக்கும் என்பதைத்தான். கம்பு சுழற்றி உலக சாதனை என்று வெயிலில் குழந்தைகளை மணிக்கணக்கில் நிறுத்துவதையும் பார்க்கிறேன். இதற்கும் பயிற்சி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நாஞ்சில்மண்

நீங்கள் இருவருமே களத்தை ஒரு பக்கமும் படிப்பை மறுபக்கமுமாக வைத்துப் பேசுகிறீர்கள். விளவங்கோட்டுப் பக்கம் நான் கற்ற அடிமுறைக் களரியில் பாடமே உடம்பில்தான் நடந்தது. ஆகவே என் உறுத்தல் வேறு வகை.

வர்மம் என்னும் உயிர்நிலைப் புள்ளிகள் 108 என்றும், அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் எல்லோருக்கும் தெரியும். அவற்றின் இருப்பிடமும், அடிபட்டால் தோன்றும் குறிகளும், மீட்கும் முறையும் பாட்டாக இருக்கின்றன. எங்கள் ஆசான் அந்தப் பாட்டை உட்கார வைத்துச் சொல்லித் தரமாட்டார். ஒற்றைச்சுவடு என்னும் காலடிப் பயிற்சி முடிந்து, முழங்காலை மடித்துத் தாழ நின்று தொடை நடுங்கும் நேரத்தில்தான் கேட்பார். மூச்சு முட்டி ஒரு சீர் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாட்டு நெஞ்சில் ஏறும்வரை எந்த இடத்தையும் தொட்டுக் காட்டமாட்டார். எங்கள் கூட்டத்தில் எனக்குத்தான் அதிகப் பாட்டுத் தெரியும், அந்தக் கர்வமும் இருந்தது.

ஒரு நாள் இணைப்பயிற்சியில் என் மோதல் தப்பி எதிரில் நின்றவனின் மேல்வயிற்றில் விழுந்தது. அவன் மடங்கி விழுந்தான். வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. ஆசான் என்னைப் பார்த்து, எங்கே பட்டது, எத்தனை விரலளவு தள்ளி என்று கேட்டார். நான் அந்த இடத்துக்குரிய பாட்டை முதல் அடியிலிருந்து சொல்லத் தொடங்கினேன்! சொல்லிக்கொண்டே நின்றேன். இரண்டு பாட்டுக்கு மேல் தேறாத இன்னொருவன் என்னைத் தள்ளிவிட்டு மண்டியிட்டு, விழுந்தவனைத் தூக்கி உட்கார்த்தி, முதுகில் சரியான இடத்தில் கையை வைத்துவிட்டான். சற்று நேரத்தில் மூச்சு திரும்பியது.

இப்போது நான் இயன்முறை மருத்துவம் படித்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேல்வயிற்றில் அடிபட்டால் உதரவிதானம் இறுகி மூச்சு நின்றதுபோல் ஆவதும், பெரும்பாலும் சில நொடியிலோ ஒன்றிரண்டு நிமிடத்திலோ அது தானாகவே தளர்வதும் உண்டு. ஆகவே அவன் கை பட்டதால்தான் எழுந்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அந்த வேளையில் அவனுடைய கை போன இடத்துக்கு என் கை போகவில்லை. முழுப் பாட்டும் தெரிந்திருந்தும் போகவில்லை. ஆசான் என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அடுத்த நாள் வழக்கம்போல் என்னையே முதலில் பாட்டுச் சொல்லச் சொன்னார்.

ஓய்வூதியர்

நான் முப்பத்து நான்கு ஆண்டு கணித ஆசிரியராகப் பணியாற்றியவன். அதில் சில ஆண்டுகள், உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படாமல் இருந்ததால், விளையாட்டு வேளையையும் நானே பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டேன் என்பதைவிட, அந்த வேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொண்டேன் என்பதே உண்மை. 1996இல் ஒரு பையன் கையில் பந்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்று, “சார், இன்னிக்காவது?” என்று கேட்டான். நான் முக்கோணவியலைத் தொடங்கினேன். என் அனுபவம் இவ்வளவுதான். ஆனால் இளையவர்கள் பலர் இங்கே இருப்பதால் சிலவற்றைச் சொல்வது கடமை என்று எண்ணுகிறேன்.

முதலில், கீழவாசல் தம்பி சொன்ன பதினான்கு மணி நேரக் கணக்கை எந்த மாணவரும் பின்பற்ற வேண்டாம். பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களை ஆராய்ந்து ஆண்டர்ஸ் எரிக்சன் முதலானோர் 1993இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்தாயிரம் மணி நேரம் பயின்றால் எவரும் வல்லவராகலாம் என்று பலரும் மேடையில் முழங்குவது அதிலிருந்து கிளைத்ததுதான். ஆனால் மேடைப் பேச்சாளர்கள் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. அந்த மாணவர்களில் சிறந்தவர்கள் நாள் முழுவதும் வில்லைத் தேய்த்துக்கொண்டிருக்கவில்லை; பயிற்சியைச் சிறு சிறு அமர்வுகளாகப் பிரித்துக்கொண்டு, இடையில் ஓய்வெடுத்து, பிற்பகலில் உறங்கவும் செய்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் தூங்கியதே அதிகம். காலையில் கற்ற காலடியும் மாலையில் படித்த பாடமும் மனத்தில் ஊன்றுவதில் உறக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், தூக்கத்தைத் திருடிப் படிப்புக்கும் களத்துக்கும் கொடுப்பவர் இரண்டையும் இழக்கிறார்.

அடுத்து, தேர்வு மாதத்தில் களத்தை முற்றிலும் விடவும் கூடாது, முழு நேரம் போகவும் கூடாது. இருபது நிமிடம் காலடி மட்டும் எடுத்தால் போதும். எதிராளி வேண்டாம், போட்டி அறவே வேண்டாம். மூன்றாம்விரல் தம்பியின் கதையில் தவறு சிலம்பத்தில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. களத்திலிருந்து வந்து குளித்துவிட்டு, நாளின் மிகக் கடினமான பாடத்தை அப்போதே எடுக்க வேண்டும்; எளிதான மனப்பாடத்தை வைத்து அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது. இரவு ஒன்பதுக்குமேல் கம்பு சுழற்றினால் உடல் விழித்துக்கொண்டு உறக்கம் தள்ளிப்போகலாம். வெறும் வயிற்றில் களத்துக்குப் போகிறவர்கள், திரும்பியதும் காப்பியைக் குடித்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். அது தவறு, கஞ்சியோ, ஊறவைத்த பயறோ, ஒரு முட்டையோ உள்ளே போன பிறகே படிப்பு. நெய் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள், வளரும் பிள்ளைகளுக்கு அளவான நெய்யால் கேடு இல்லை. பெற்றோருக்கும் ஒரு சொல்: கம்பைப் பரணில் ஏற்றும்போது கைப்பேசியையும் சேர்த்து ஏற்றினீர்களா என்பதை எண்ணிப் பாருங்கள்.

பொறுமையிழந்தவள்

ஐயா, மன்னிக்க வேண்டும். இங்கே யாரும் கால அட்டவணை கேட்கவில்லை. இரண்டே வரியில் ஒரு பையனை வாசலில் நிறுத்திவிட்டு, நெய்க்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்தப் பையன் பிறகு என்ன ஆனான்?

ஓய்வூதியர்

பெயரை மறந்துவிட்டேன் அம்மா. பழைய வருகைப் பதிவேடு பள்ளியில் இருந்தால் இருக்கும், அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது கேட்டுப் பார்க்கிறேன். அந்தப் பருவத்தில் ஒரு முறையாவது அவர்களை வெளியே விட்டேனா என்பதையும் நினைவுபடுத்திப் பார்க்கிறேன், வரவில்லை.

ஒசாகா ரயில்

என்னுடையது சிலம்பம் அல்ல, கெண்டோ என்னும் ஜப்பானிய வாள்கலை. வேலை நிமித்தம் ஜப்பானுக்கு வந்தவன் நான். இங்கே பள்ளிகளின் குறிக்கோள் வாசகமாக ‘புன்பு ரியோதோ’ என்ற தொடரை அடிக்கடி பார்க்கலாம். எழுத்து, போர்க்கலை ஆகிய இரண்டு வழியிலும் தேர்வது என்று பொருள். 2012 முதல் நடுநிலைப் பள்ளிகளில் போர்க்கலையைக் கட்டாயப் பாடமாகவும் ஆக்கியிருக்கிறார்கள். சுவரில் இருக்கும் வாசகந்தானே என்று நான் அலட்சியமாக இருந்தேன்.

கெண்டோவில் முதல் ‘தான்’ தரத்துக்குச் செல்லும்போது மூங்கில் வாளோடு மோதிக் காட்டுவதும், ‘காத்தா’ என்னும் வரையறுத்த வடிவங்களைச் செய்து காட்டுவதும் போக, எழுத்துத் தேர்வு ஒன்றும் உண்டு. எங்கள் பகுதியில் வினாக்களை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். எனக்கு வந்தவற்றுள் ஒன்று ‘ஸான்ஷின்’ பற்றியது. அடித்து முடித்த பிறகும் தளராமல் எதிராளிமேல் நிற்கும் கவனத்துக்கு அந்தப் பெயர். அது இல்லையென்றால் அடி சரியாக விழுந்திருந்தாலும் புள்ளி கிடையாது. அடித்துவிட்டுக் கையை உயர்த்திக் கொண்டாடினால் கொடுத்த புள்ளியையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நான் இணையத்தில் நான்கைந்து பக்கங்களைப் பார்த்து, நல்ல ஜப்பானிய மொழியில் அழகாக ஒரு விடை தயாரித்தேன். என் கவலையெல்லாம் ஜப்பானிய எழுத்துகளின் கோடு சரியாக விழ வேண்டும் என்பதில்தான் இருந்தது.

எங்கள் பயிற்சிக்கூடத்து ஆசிரியர் எழுபது வயதைக் கடந்தவர், ஏழாம் தரம். எட்டாம் தரத்துக்கு 46 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஏழாம் தரம் பெற்றுப் பத்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், முயல்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் தேறினாலே அதிகம். அவர் ஆண்டுதோறும் மே மாதம் கியோத்தோவுக்குப் போய், தேறாமல் திரும்பி, மறுநாள் காலை வழக்கம்போல் கூடத்தைத் துடைப்பவர். அவரிடம் என் தாளைக் காட்டினேன். முழுவதும் படித்தார். வாளை எடுத்துக்கொண்டு வந்து தம் தலைக்கவசத்தில் ஓர் அடி கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன், நன்றாகவே விழுந்தது. விழுந்ததும் நான் தோளைத் தொங்கவிட்டு, அருகில் நின்ற நண்பனைப் பார்த்தேன்.

அவர் என் தாளைத் தரையிலிருந்து எடுத்து என் கண்ணெதிரே நீட்டி, “இதை எழுதியவர் இன்று வரவில்லையா?” என்று கேட்டார். கேலியாக அல்ல, உண்மையாகவே விசாரிப்பதுபோலக் கேட்டார். அந்தத் தேர்வில் நான் தேறினேன். அந்த விடைக்கும் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன், அதனால்தான் இன்னும் கூசுகிறது. நாஞ்சில்மண் எழுதியதைப் படித்தபோது, நாம் இருவரும் ஒரே தேர்வில் தோற்றவர்கள் என்று தோன்றியது.

மூன்றாம்விரல்

ஒசாகா அண்ணா, அங்கே எழுத்துத் தேர்வைக் களத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், இங்கே களமே தேர்வுக்கு வெளியே நிற்கிறது. ஒப்பிடுவது சரியில்லை. என் ஊரில் கம்பு பிடிப்பவன் சமூக அறிவியலில் வரைபடம் குறிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை.

மொட்டைமாடி

மூன்றாம்விரல் தம்பி, எங்கள் வாத்தியார் கேட்டார். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

நான் 2016இல் கணிதத்தில் எம்.ஃபில். சேர்ந்திருந்தேன், கோட்டுருவியல் என் துறை. பெரியவளானதும் நிறுத்தப்பட்ட சிலம்பத்தை அந்த ஆண்டுதான், விடுதி வாழ்க்கை முடிந்து ஊரோடு வந்த பிறகு, யாரையும் கேட்காமல் மீண்டும் தொடங்கியிருந்தேன். எங்கள் வாத்தியார் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குபவர், கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் என்னை நிறுத்தி, தமக்குத் தெரிந்த காலடி வரிசை முப்பத்திரண்டையும் ஒரு நோட்டில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். “நீ கணக்கு படிச்ச பிள்ளை. உனக்கு எழுத வரும்” என்றார். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும்தானே நாள் முழுவதும் பார்க்கிறோம், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் வரிசையை எழுத உட்கார்ந்தபோது, இரண்டாவது அடிக்குமேல் எனக்கு நினைவே வரவில்லை. எழுந்து நின்றால் கால் தானாகப் போகிறது, உட்கார்ந்து பேனாவை எடுத்தால் போனது எது என்று தெரியவில்லை. கடைசியில் மொட்டைமாடியில் சுண்ணக்கட்டியால் எட்டுத் திசைக் கோடு போட்டு, ஓர் அடி வைத்து, குனிந்து நோட்டில் குறித்து, மறுபடி முதலிலிருந்து வந்து அடுத்த அடி வைத்து எழுதினேன். இடக்காலுக்கு இ, வலக்காலுக்கு வ, திசைக்கு ஒன்று முதல் எட்டுவரை எண், உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறதோ அதற்கு அடிக்கோடு, திரும்புவதற்கு ஒரு வளைகோடு. ஒரு வரிசைக்கு இரண்டு நாள் ஆனது. பக்கத்து மாடியில் துணி காயப்போட வருபவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அந்த மாதங்களில் என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் அப்படியே கிடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்; நெறியாளரிடம் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பதினோரு பக்கம் ஆனதும் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். திரும்புகிற இடம் எது என்று கேட்டார், வளைகோட்டைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். நகர்த்தும்போதே, உட்கார்ந்த நிலையிலேயே, அவருடைய வலது பாதம் தரையில் திரும்பியது. விரல் பாதி வழியில் நின்றது.

“இங்க குதிகால் தூக்கணும். அது எங்க இருக்கு?”

குதிகாலுக்கு நான் குறியே வைக்கவில்லை. குதிகால் மண்ணில் இருந்தால் முழங்கால் திருகிக்கொள்ளும், தூக்கினால்தான் இடுப்பு சுற்றும் என்பது என் உடம்புக்குத் தெரியும், களத்தில் நான் தூக்கிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எழுதும்போது அது எனக்குத் தட்டுப்படவே இல்லை. எழுத்தறியாத ஒருவர் என் பதினோரு பக்கத்திலும் இருந்த பிழையை ஒரே கோட்டில் கண்டுபிடித்தார். என் ஆய்வேட்டைப் படித்த எவரும் அவ்வளவு சரியாக ஓட்டையைத் தொட்டதில்லை. பதினோரு பக்கத்தையும் திரும்ப எழுதினேன், குதிகாலுக்குச் சிறு வட்டம் சேர்த்து.

அதன்பிறகு வாரம் ஒரு முறை உட்கார்ந்தோம். அவர் விரலால் படிப்பார், நான் எதிரே நின்று அடி வைப்பேன், இரண்டும் ஒத்துவந்தால் பக்கம் முடிந்தது. 2017 மழைக்காலத்தில் அவருக்கு உடம்பு முடியாமல் போனது, மூன்று வாரத்தில் போய்விட்டார். பதினெட்டு வரிசை முழுமையாக இருக்கிறது. பத்தொன்பதாவது, வலக்கால் முன்வைத்துத் திரும்பும் வளைகோட்டோடு நிற்கிறது. அதற்கு அடுத்த அடி என்னவென்று எனக்குக் கற்பிக்கப்படவில்லை. அவருடைய மற்ற மாணவர்களைக் கேட்டேன். ஆளுக்கொரு விதமாகச் செய்கிறார்கள், எல்லோரும் அதுதான் சரி என்கிறார்கள். எம்.ஃபில். முடித்துவிட்டேன். நோட்டு முடியவில்லை.

நாஞ்சில்மண்

சகோதரி, அந்த நோட்டைத் தயவுசெய்து ஒளிப்படி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். மழையிலும் கரையானிலும் போன சுவடிகள் எத்தனை என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும்.

கீழவாசல்

மொட்டைமாடி அவர்களுக்கு: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கூடத்து மேசையை நகர்த்திவிட்டு நின்று பார்த்தேன். அடுக்குமாடியில் கம்பு ஏது, ஒட்டடைக் கம்பைத்தான் எடுத்துக்கொண்டேன். எங்கள் வாத்தியாரின் வழி வேறாக இருக்கலாம், ஆனால் எங்கள் களத்திலும் வலக்கால் முன்வைத்துத் திரும்பும் வரிசை ஒன்று உண்டு. நான்கைந்து முறை தவறி, பிறகு கால் தானாகவே எடுத்துக்கொண்டது. திரும்பி முடிந்ததும் இடக்கால் பின்னால் போகிறது, நேர் பின்னால் அல்ல, சற்றே சாய்வாக. இது உங்கள் பத்தொன்பதாவதுதானா என்று நான் சொல்ல முடியாது. உங்களுக்கு உதவுமா என்று பாருங்கள்.

மொட்டைமாடி

சாய்வு எந்தப் பக்கம் அண்ணா, இடப்புறமா, வலப்புறமா? பின்னால் போகும்போது இடது குதிகால் முதலில் மண்ணில் படுகிறதா, விரல் முதலில் படுகிறதா?

கீழவாசல்

இடப்புறம். விரல் முதலில் படுகிறது, குதிகால் கடைசிவரை மேலேயே நிற்கிறது. இப்போது மறுபடி நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மொட்டைமாடி

சரி. நாளைக் காலையில் மாடியில் நின்று பார்த்துவிட்டு, ஒத்துவந்தால் பென்சிலில் எழுதி வைக்கிறேன்.